குண்டூசி வாய்

நடிகருக்கு வாய் கோணிக்கொண்டபோது எதிரே இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

ஒரு கல்யாண வரவேற்பு. மைக்கைக் கையில் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையைக் கிண்டல், பெண்ணின் அப்பாவைக் கிண்டல் என்று அமர்க்களமாகப் போய்க்கொண்டிருந்த பேச்சு திடீரென்று குழறியது. உதட்டின் வலது ஓரம் இறங்கியது, தோள் சரிந்தது. "கோணையன் வந்துட்டான்டா" என்று முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டினார். மண்டபம் அதிர்ந்தது. நடிகர் உதவி கேட்டார், சிரித்தார்கள். நாற்காலியைப் பிடிக்கப்போய்த் தரையில் சாய்ந்தார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எச்சில் வழிந்து சட்டைக் கழுத்து நனைந்த பிறகுதான் பந்தி பரிமாறுகிற ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் ஆகவேண்டிய கெடுதல் எல்லாம் ஆகிவிட்டிருந்தது.

ஊரே உச்சுக்கொட்டியது. ஒருவன் மட்டும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வார்டின் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தான். அவன் அந்த வார்டில் நர்ஸ். கப்பல்கார வீட்டுப் பிள்ளை.

கப்பல்காரர்கள் என்றால், தாத்தா காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்கள். வேறு நிறம், வேறு மூக்கு, சுருண்ட முடி. இங்கேயே பிறந்து, இங்கேயே பெற்றுப்போட்டு, இங்கேயே செத்தும் ஆயிற்று. பெயர் மட்டும் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை. அவர்களைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கப்பலான் வாயைக் கோணிக்கொண்டு கொழகொழவென்று பேசுவான். கப்பலான் யார் காலடியிலாவது கிடப்பான். கப்பலான் பெண்பிள்ளைகளை மேலும் கீழும் பார்ப்பான். கப்பலான் கை சும்மா இருக்காது, ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு துண்டுத் துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வான். பால்குடி மறக்காத பிள்ளைகூட இதை ஒப்பிக்கும். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்தான் திருதிருவென்று விழிக்கும். மேடையிலும் திரையிலும் கோணையன் வேஷம் கட்டிக்கட்டி ஊருக்கு இந்தப் பாடத்தை நடத்தியவர் நம் நடிகர்தான்.

அந்தக் கோணையன் எங்கிருந்து வந்தான் என்பது நர்ஸுக்குத் தெரியும். அது அவன் அப்பாவின் வாய்.

அப்பா, நாடகக் கம்பெனியின் தையல்காரர். வேஷத்துணியை ஆள் மேலேயே போட்டு, குண்டூசி குத்தி அளவு பார்ப்பவர். இரண்டு கையும் துணியில் இருக்கும்போது ஊசியை எங்கே வைப்பது? வாயின் வலது ஓரத்தில்தான். ஊசியை விழுங்காமல் பேசவேண்டுமென்றால் இடது ஓரத்தால்தான் பேசமுடியும். பேச்சு கொழகொழவென்றுதான் வரும். பேன்ட்டுக்கு மடிப்பு வைப்பவன் முட்டி போட்டு எதிராளியின் காலடியில்தான் ஊர்ந்தாகவேண்டும், அந்தரத்தில் மிதக்க முடியாது. ஆளைக் கண்டதும் தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரு பார்வை போகும். நல்ல தையல்காரனுக்கு அந்தப் பார்வையிலேயே பாதி அளவு முடிந்துவிடும். வெட்டின துணியைத் தரையில் விட்டால் நடிப்பவர்கள் காலில் சிக்குமென்று பையில் திணித்துக்கொள்வார். நாலும் தொழில். வேலை முடிந்து ஊசிகளைப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டால், மனுஷன் மணிமணியாகப் பேசுவார்.

அப்போது நடிகர் பேர் தெரியாத சின்ன நடிகர். கண்ணாடி முன்னால் நின்று பேன்ட்டுக்கு மடிப்பு வைத்துக்கொண்டவர், கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் காலடியில் ஊர்ந்தவரைப் பார்த்தார். அன்று மேடையில் வசனம் மறந்துபோய் முழித்த இடத்தில், வாயை ஓரமாக இழுத்து, முட்டி போட்டு, நாயகியை மேலும் கீழும் அளந்து, அவள் கைக்குட்டையைப் பையில் திணித்தார். சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. "யாருடா நீ?" என்று நாயகன் சமாளித்துக் கேட்க, "கப்பலான் சாமி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு தையல்காரரின் வாய் ஒரு கூட்டத்தின் வாயாகிவிட்டது.

அதற்கப்புறம் அப்பா டேப்பை எடுத்தாலே சிரிப்பு. நாடகம் பார்க்க வந்த ஒரு பெரிய வீட்டு அம்மாள், "அந்தக் கோணையன் பார்வை சரியில்லை" என்று சொன்னதும் வேலை போனது. சுற்றி அலைந்து கடைசியில் ஒரு ஓட்டல் வாசலில் கதவு திறக்கிற வேலை கிடைத்தது. பித்தளைப் பொத்தான் வைத்த சீருடை. முதல் நாளே மேனேஜர் சொல்லிவிட்டார், வருகிறவர்கள் கோணையன் பேச்சைக் கேட்க ஆசைப்படுகிறார்கள் என்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தான். வாயில் ஒரு ஊசிகூட இல்லாத அப்பா, வாயைக் கோணிக்கொண்டு, ஒரு குடும்பத்துக்குப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் அவனைப் பார்த்துவிட்டார்.

"என் வாயை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்டா" என்றார் வீட்டுக்கு வந்து. "இப்ப அதை அவன்கிட்ட இரவல் வாங்கிப் பேசிக்கிட்டிருக்கேன்."

செத்துப்போகிறவரை வீட்டில் அதிகம் பேசவில்லை. மகன் வளர்ந்து, பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கேட்டுப் போனான். திரைக்குப் பின்னால் நிறுத்திப் பேசவைத்துக் கேட்டு, குரல் பிரமாதம் என்றார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த ஆளைப் பார்த்ததும், "தப்பா நினைக்காதீங்க, மைக் முன்னால உங்களைப் பார்த்தா ஜனங்க சிரிச்சிடுவாங்க" என்றார்கள். நர்ஸ் வேலைக்குக் குரல் வேண்டாம். படித்து அதற்குப் போனான். பற்களைக் கடித்துக்கொண்டு கடித்துக்கொண்டு வாழ்ந்தவனின் வார்டுக்கு, கடவுளோ காலமோ, நடிகரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து விட்டது.

நடிகரின் வலது கை விளங்கவில்லை, எழுத வராது. ஏதோ சொன்னார். சுற்றி நின்ற நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாவம், சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. மறுபடி சொன்னார். அவர் மகளுக்கே சிரிப்பை அடக்க முடியாமல் உதடு துடித்தது. அந்தம்மாள் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், நல்ல மாதிரி, ஆனால் பிறந்ததிலிருந்து அந்தப் பேச்சுக்குச் சிரித்துப் பழகியவள்.

நம்மவன் கட்டிலுக்குக் கிட்டே வந்து நின்றான். நடிகர் தவிப்பதைக் கண்ணாரப் பார்த்தான். பிறகு சொன்னான்: "தண்ணி கேக்கறாரு."

நடிகர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வாயில் ஊசியோடு பேசுகிற அப்பாவிடம் வளர்ந்தவனுக்கு அந்தக் கொழகொழப்பு தாய்ப்பாஷை மாதிரி. அது மகளுக்குத் தெரியாது.

"உங்களுக்கு எப்படி விளங்குது?" என்றாள்.

"பழக்கம் மேடம்."

அப்படித்தான் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனைக் கூட்டிப்போனார்கள். அவன் குளிப்பாட்டினான், முகம் வழித்துவிட்டான், கைகால் நீட்டி மடக்கப் பழக்கினான். தொழிலில் ஒரு குறை வைக்கவில்லை. நடிகரின் வாய் இனி அவன்தான். டாக்டரிடம் பேசுவதும் அவன் வழியாக, சமையலில் உப்பில்லை என்று கத்துவதும் அவன் வழியாக. நடிகர் அவன் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினார். தையல்காரரின் மகன் என்று அடையாளம் தெரியவில்லை. கப்பலான் என்று மட்டும் தெரிந்தது. "உங்க ஆளுங்களை நான்தான் உலகத்துக்குக் காட்டினேன்" என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். அதையும் அவன் பொறுத்துக்கொண்டான். அவனுக்கு வேண்டியது வேறு. அது அப்பாவின் வாய்தான் என்று நடிகர் நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும். அது நடந்தால் போதும், மனுஷன் எக்கேடு கெட்டாலும் சரி.

அதற்கு வழியும் வந்தது. திரைப்பட சங்கம் நடிகருக்குப் பெரிய பாராட்டு விழா எடுக்கப்போவதாக அறிவித்தது. எழுதி வைத்துக்கொண்டு யாரோ படிப்பதில் நடிகருக்கு இஷ்டமில்லை. நானே பேசுவேன், நீ பக்கத்தில் நின்று சொல்லு என்றார்.

மகள் கல்லூரிக்குப் போயிருந்த ஒரு மதியம், முகம் வழித்துக்கொண்டே அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"சார், மேடையில கேப்பாங்க. கோணையன் எப்படிக் கிடைச்சான்?"

நடிகர் எப்போதும் பேட்டிகளில் அளக்கிற கதையையே இப்போதும் அளந்தார். கப்பல்காரர் குடிசைகளில் மாசக்கணக்காகத் தங்கினாராம். அவர்களோடு உண்டு உறங்கி, அந்த இனத்தையே கரைத்துக் குடித்தாராம்.

"கம்பெனில ஒரு தையல்காரர் இருந்தாராமே" என்றான். கத்தி தாடைக்குக் கீழே இருந்தது.

நடிகர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு, கோணிய வாயின் நல்ல பாதி சிரித்தது.

"அவனா? நல்ல மனுஷன். வாய் நிறைய குண்டூசி வச்சிருப்பான்."

"ஊசியை எடுத்துட்டா?"

"எடுத்துட்டா உன்னை என்னை மாதிரி சுத்தமா பேசுவான். அதுல என்ன சிரிப்பு இருக்கு?" நடிகருக்குத் தொழில் ரகசியம் சொல்கிற உற்சாகம் வந்துவிட்டது. "ஊசியைக் காட்டினா ஒருத்தனும் சிரிக்க மாட்டான். வேலைக்காரன் வேலை செய்யறான்னு போயிடுவான். அதனால ஊசியை எடுத்துட்டேன். வாயை மட்டும் வச்சுக்கிட்டேன். அதுதான்டா கலை."

நர்ஸ் கத்தியைக் கழுவினான். நிதானமாக முகத்தைத் துடைத்துவிட்டான். தெரியாமல் செய்திருப்பார், சின்ன வயசு, ஏதோ மேடையில் வாய்க்கு வந்தது என்று மனசின் ஒரு மூலையில் அவன் வைத்திருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்த அழுக்குத் தண்ணீரோடு போய்விட்டது.

சாயங்காலம் நேரே அக்கா கடைக்குப் போனான். அக்காவுக்கு ஒரு மாடிப்படியின் கீழே ஆல்டரேஷன் கடை. ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, துணி மாற்ற ஒரு திரை. வாடிக்கைக்காரர் வந்தால் அக்கா ஊசியை மணிக்கட்டில் கட்டிய பஞ்சில்தான் குத்துவாள். ஒரு தடவை வாயில் வைத்துக்கொண்டு பேசியதற்கு ஒரு பெண் சிரித்த சிரிப்பில் கற்றுக்கொண்டது. கடையில் யாரும் இல்லாததால் இப்போது ஊசிகள் உதட்டோரத்தில் இருந்தன. அவன் சொன்னதை எல்லாம் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"கழுத்துல கத்தி இருந்துச்சா?" என்றாள் இடது ஓரத்தால்.

"இருந்துச்சு."

"நல்லவேளை நீ போனே. நான் போயிருந்தா இந்நேரம் நாமதான் பேப்பர்ல வந்திருப்போம். கப்பலாச்சி கழுத்தறுத்தாள்னு." ஊசி ஒன்றை எடுத்துக் குத்தினாள். "அப்புறம் ஊர் சொல்லும், அதான் அன்னைக்கே சொன்னோமேன்னு. அதுக்கு வேற நாம வேலை செய்யணுமா?"

"அவன் வாயாலேயே வரவைக்கிறேன்க்கா."

"அவன் வாய் யார் கையில இருக்கு?"

"என் கையில."

அக்கா கையை நிறுத்தினாள். உதட்டிலிருந்த மிச்ச ஊசிகளை எடுத்து, துடைத்து, அவன் சட்டைக் காலரின் உள்பக்கம் வரிசையாகக் குத்திவிட்டாள். கடையை மூடிட்டு நானும் வரேன், பின்னால ஒரு சீட் பிடிச்சு வை என்றாள்.

விழா மண்டபத்தில் எள் போட இடமில்லை. கோணையனின் காட்சிகளைத் திரையில் ஓட்டினார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு நடிகரைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுவந்தான் நர்ஸ். மகள் பக்கத்தில் பூச்செண்டோடு நின்றாள். நடிகர் வாயைத் திறந்ததுமே ஒரு சிரிப்பலை கிளம்பி, அடடா உடம்பு சரியில்லாதவர் என்ற நினைப்பு வந்து அடங்கியது.

நன்றி சொன்னார். அவன் மைக்கில் சொன்னான். சங்கத்தைப் புகழ்ந்தார். ஒரு வார்த்தை குறையாமல் சொன்னான். பஸ் நிலையம் வேண்டாமென்ற குரல் மண்டபத்தின் கடைசி வரிசைவரை கணீரென்று போயிற்று.

பிறகு நடிகர் குடிசைக் கதையை எடுத்தார். மாசக்கணக்காகத் தங்கினேன், உண்டேன், உறங்கினேன்.

நர்ஸ் மைக்கை உதட்டுக்குக் கிட்டே கொண்டுவந்தான். நடிகர் முந்தி ஒரு மதியம் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே, நான் நான் என்றே சொன்னான்.

"கப்பல்காரங்க குடிசைப் பக்கமே நான் போனதில்லை. எங்க கம்பெனில ஒரு தையல்காரர் இருந்தாரு. வாய் நிறைய குண்டூசி வச்சிருப்பாரு. ஊசியை எடுத்துட்டா உங்களை என்னை மாதிரி சுத்தமா பேசுவாரு. ஊசியைக் காட்டினா ஒருத்தனும் சிரிக்க மாட்டான். அதனால ஊசியை எடுத்துட்டேன். வாயை மட்டும் வச்சுக்கிட்டேன். காலடியில ஊர்ந்தது மடிப்பு வைக்க. மேலும் கீழும் பார்த்தது அளவுக்கு. பையில போட்டது வெட்டின துணி. அதையும் சொல்லாம விட்டுட்டேன்."

முதல் வரியும் கடைசி நாலு வரியும் அவன் சேர்த்தது. பாவம் அவனுக்கும் கொஞ்சம் கலை வேண்டாமா?

நடிகர் திரும்பினார். முகம் வெளிறியது. நான் இதைச் சொல்லலை, பொய் சொல்றான், இவனை இறக்குங்க என்று கத்தினார். கூட்டத்துக்குக் கேட்டது பழைய கோணையன்தான், கோபப்பட்டுக் குழறுகிற கோணையன். முன்வரிசை சிரித்துவிட்டது. அவர் நல்ல கையால் நாற்காலியைத் தட்டத் தட்டச் சிரிப்பு பெருகியது.

"அதையும் சொல்லிடறேன்" என்றான் நர்ஸ். "நான் பொய் சொல்றேன்னு சொல்றாரு."

இன்னும் சிரித்தார்கள்.

அவன் காலருக்குள் கையை விட்டு ஊசிகளை உருவினான். வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, ஒவ்வொன்றாக வாயின் வலது ஓரத்தில் வைத்துக்கொண்டான். முட்டி போட்டு நடிகரின் காலடியில் உட்கார்ந்தான். பேன்ட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, இடது ஓரத்தால் ஒரு வரி சொன்னான். கோணையனை அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. மண்டபம் குலுங்கியது.

ஊசிகளை எடுத்து உள்ளங்கையில் போட்டுக்கொண்டான். அதே வரியை மறுபடி சொன்னான்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க சார், மடிப்பு கோணலாயிடும்."

சிரிப்பு ஒரே சமயத்தில் நிற்கவில்லை. இங்கே நின்றது, அங்கே நின்றது, தாமதமாகப் புரிந்துகொண்ட யாரோ தனியாகச் சிரித்து, தன் குரல் தனக்கே கேட்டு நிறுத்திக்கொண்டார். சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் முன்வரிசை கைக்குட்டை தேடியது. அந்த அமைதியில் பின்னாலிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அது அக்கா.

"எங்க அப்பா" என்று மட்டும் மைக்கில் சொல்லிவிட்டு அவன் எழுந்தான்.

பழி தீர்த்தால் மனசு வெறுமையாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொய். அவனுக்கு நெஞ்சு நிறைந்து இருந்தது. நல்ல பசி வேறு எடுத்தது. மைக்கை அதன் தண்டில் மாட்டினான், சக்கர நாற்காலி உருளாமல் பூட்டைப் போட்டான், படியை நோக்கி நடந்தான்.

நடிகர் எட்டி அவன் சட்டையைப் பிடித்தார். இப்போது கத்தவில்லை. மெதுவாக, குழறிக் குழறி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். போகாதடா. நீ போயிட்டா நான் பேசறது யாருக்கு விளங்கும்?

மகள் ஓடிவந்தாள். பூச்செண்டு கீழே கிடந்தது. "அப்பா என்ன சொல்றாரு? சொல்லுங்களேன், அப்பா என்ன கேக்கறாரு?"

அவன் நடிகரின் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்தான். வலிக்காமல்தான் பிரித்தான், பழகின கை. அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

"ஏதோ கப்பலான் பேச்சு மாதிரி இருக்கு மேடம். எனக்கு ஒண்ணும் விளங்கலை."